தூங்குமூஞ்சியும் கோலிக்குண்டும்

என் பெயர் அவசரம். வயது இருபத்து நான்கு. இப்போது லாண்டரியின் பின்பக்கம், துண்டுகளை மடித்து அடுக்கும் அறையில், கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா, மூன்றையும் சொல்லிவிட்டேன். இனிமேலாவது நம்பிப் படி. யாரோ ஒருவன் 'அம்மா, நான்தான், போன் தொலைந்துவிட்டது, இது புது நம்பர்' என்று அனுப்பிய நாளிலிருந்து, பெயர், வயது, உட்கார்ந்திருக்கும் இடம் மூன்றும் இல்லாத செய்தியை நீ தொடுவதே இல்லை. அன்றைக்கு அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டாயாம், சாப்பிட்டேன் என்று உடனே பதில் வந்ததாம். "எம் புள்ள சாப்பிட்டேன்னு ஒரே வார்த்தையில சொல்லவே மாட்டான். என்ன சாப்பிட்டான், அது வயித்துல என்ன பண்ணுதுன்னு ஒரு மணி நேரம் சொல்லுவான்" என்று நீ அவனைப் பிடித்துவிட்டாய். அந்த ஆள் திருடன்தான், ஆனால் என்னைப் பற்றி நீ ஊரெல்லாம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

அவசரம் என்பது எட்டாம் மாதமே வந்து பிறந்ததற்காக வைத்த பெயர். நிஜப் பெயரைச் சொன்னால் இந்த போன் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி எழுதுகிறது. நான் இதை வாயால் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் அதற்குப் புரிவதில்லை. போன வாரம் அண்ணன் மகளைப் பற்றி "வண்டு சாப்பிட்டாளா" என்று கேட்டேன், "வண்டி சாப்பிட்டாளா" என்று வந்து சேர்ந்தது, அண்ணன் "டேங்க் ஃபுல்" என்று பதில் போட்டான். அதனால் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் இப்போதுதான் டீ குடிக்கப் போனார். கதவைச் சாத்திவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், வீட்டில் எல்லோரும் படியுங்கள்.

நாளைக் காலை வண்டுவை கிளினிக்குக்கு அழைத்துப் போகிறீர்கள். மாத்திரை கொடுத்தும் கழுத்துக் கட்டி கரையவில்லை, மருந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது, ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து இதைவிடக் கடுமையான மருந்து கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணி அதைச் சொல்லும்போது குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மருந்து வேலை செய்யாமல் இல்லை. மருந்து வண்டுவின் வயிற்றுக்குள் போகவே இல்லை.

அண்ணி, உடனே எழுந்து போய் அவள் முதுகில் ஒன்று வைக்காதீர்கள். முழுவதும் படியுங்கள். படித்த பிறகு உங்களுக்குக் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு பசி வந்தது.

போன் போட்டுச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போட்டால் எடுப்பவள் வண்டு. நீங்கள் எடுத்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவீர்கள். "நான் இல்லாதப்ப சொல்லு சித்தப்பா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள், அந்தப் பேச்சை நான் காப்பாற்ற வேண்டும். அவள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். இரண்டு வரிக்கு மேல் இருந்தால் "போர்" என்று போனைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். அதனால்தான் வேண்டுமென்றே நீளமாகச் சொல்கிறேன்.

நாளைக்கு வண்டி ஓட்டி அழைத்துப் போவது அண்ணியின் தம்பி. மச்சான், உங்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும் என்று அண்ணி சொன்னார். மீதியையும் நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். ஆகவே உங்களுக்காக முதலிலிருந்து.

வண்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே எச்.ஐ.வி. இருக்கிறது. அண்ணிக்கு இருந்தது அவளைப் பெற்ற பிறகுதான் தெரியவந்தது. முன்பே தெரிந்திருந்தால் மருந்து சாப்பிட்டுப் பிள்ளைக்கு வராமல் தடுத்திருக்கலாம். தெரியவில்லை, அவ்வளவுதான். அண்ணனுக்கு இல்லை. இப்போது தாயும் மகளும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், இருவரும் உங்களையும் என்னையும்விடத் தெம்பாக இருக்கிறார்கள். அண்ணி போன மாதம் கேஸ் சிலிண்டரை ஒரு கையால் நகர்த்தியதை நீங்களே பார்த்தீர்களாம்.

ஆறு வயதுப் பிள்ளையிடம் எச்.ஐ.வி. என்று சொன்னால் அவள் பள்ளிக்கூடத்தில் பாட்டாகப் பாடிவிடுவாள். அதனால் வீட்டில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். தூங்குமூஞ்சி. வண்டுவின் உடம்புக்குள் தூங்குமூஞ்சி என்று ஒருவன் இருக்கிறான். அவனைத் துரத்த முடியாது, ஆனால் தூங்க வைக்கலாம். தினமும் சாப்பிடுகிற மாத்திரைக்குப் பெயர் தாலாட்டு. தாலாட்டு ஒரு நாள் நின்றாலும் தூங்குமூஞ்சி முழித்துக்கொள்வான், முழித்தால் வீட்டையே ரெண்டு பண்ணிவிடுவான். இதை அவளுக்கு மூன்று வயதிலிருந்து நாம் எல்லோரும் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

பிறகு அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. காசநோய். நுரையீரலில் இல்லை, படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, கழுத்துக் கட்டியில் மட்டும்தான். அது பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். மச்சான், நீங்கள் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். அது அம்மாவின் செட் தம்ளர்.

தூங்குமூஞ்சி குடியிருக்கிற உடம்பில் இந்த மாதிரி வேறு ஆட்கள் நுழைவது கொஞ்சம் சுலபமாம். அதற்கும் வண்டுவே பெயர் வைத்தாள். தொட்டுப் பார்த்துவிட்டு "கோலிக்குண்டு" என்றாள். கோலிக்குண்டுக்குத் தனி மருந்து. தண்ணீரில் போட்டால் கரையும், ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பெயரும் ஆரஞ்சு. பழம் மாதிரி வாசனை வேறு.

ஆரஞ்சு ஆரம்பித்த முதல் வாரம் வீட்டில் நடந்த கலவரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டு படுக்கையை நனைத்துவிட்டாள். அவள் அதை மழை என்று சொல்வாள், நாமும் மழை என்றே சொல்லலாம். வாத்துப் படம் போட்ட பெட்ஷீட்டில் மழை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அம்மா ரத்தம் என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் செருப்புப் போடாமல் ஓடி வந்தார். அண்ணி கிளினிக்குக்குப் போன் போட்டார். நர்ஸ் சிரித்தாராம். "அந்த மருந்து சாப்பிட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சா போகும், கண்ணீர்கூட லேசா அப்படித்தான் வரும். பயப்படாதீங்க, மருந்து உள்ள போகுதுன்னு அர்த்தம்." பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டு, "ஊருக்கெல்லாம் துவைக்கிறியே, இந்தக் கறை எதுல போகும்" என்று கேட்டார். நான் சொன்னதை எல்லாம் போட்டும் போகவில்லை. வாத்தின் வால் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு வட்டம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அந்த வட்டம்தான் நம் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது.

முந்தாநாள் டீ நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டேன். வழக்கம்போல வண்டு எடுத்தாள். விழுந்த பல்லைக் காட்டினாள், பல் இருந்த ஓட்டையைக் காட்டினாள், ஓட்டைக்குள் நாக்கை விட்டுக் காட்டினாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். பின்பக்கம் கொடியில் வாத்து பெட்ஷீட் தொங்கியது. ஈரத்தோடு கூடையில் போட்டால் நாறும் என்று அம்மா துவைப்பதற்கு முன்னால் கொடியில் போடுவாளே, அப்படி.

காலையிலிருந்து சாயங்காலம் வரை என் வேலை பெட்ஷீட் பார்ப்பதுதான். ஹோட்டல் துணி ஒரு பக்கம், ஆஸ்பத்திரித் துணி ஒரு பக்கம். ஒவ்வொன்றையும் விரித்து, எது காபி, எது எண்ணெய், எது பழசு, எது நேற்று ராத்திரியுடையது என்று பிரித்துப் போட வேண்டும். என் கண் சும்மா இருக்காது. வாத்தின் வால் பக்கம் பழைய ஆரஞ்சு வட்டம் இருந்தது. தலைப் பக்கம் புது ஈரம் இருந்தது. புது ஈரம் சாதாரண மஞ்சள்.

ஆரஞ்சு உள்ளே போயிருந்தால் அது மஞ்சளாக இருக்காது.

"ஏய் வண்டு, நேத்து மழையா?"

"இல்லையே."

"வாத்து நனைஞ்சிருக்கே."

"அது நான் தண்ணி குடிச்சேன், கொட்டிடுச்சு."

"படுத்துக்கிட்டே குடிச்சியா?"

"ஆமா. தாகம்."

"தண்ணி மஞ்சளாவா கொட்டும்?"

போன் தரைக்குப் போனது. எனக்கு நம் வீட்டு மின்விசிறி தெரிந்தது. அதில் எவ்வளவு தூசி என்று அம்மா பார்த்தாளா தெரியவில்லை.

"கட் ஆயிடுச்சு" என்று வண்டுவின் குரல் கேட்டது.

"கட் ஆகல. உன் குரல் கேக்குது."

"அது என் குரல் இல்ல."

"பின்ன யாரோடது?"

"ஃபேனோடது."

சரி, ஃபேனிடமே பேசுகிறேன் என்று சொல்லி, "ஃபேனே, ஃபேனே, வண்டு ஆரஞ்சு குடிக்கிறாளா இல்லையா, உனக்கு எல்லாம் மேல இருந்து தெரியுமே" என்று கேட்டேன். ஃபேன் ரொம்ப மெதுவாகச் சொன்னது, "செடி குடிக்குது."

எந்தச் செடி என்று கேட்டதற்கு, மாமா வாங்கிவந்த செடி, வெள்ளைக் கல் போட்ட தொட்டி என்றது. மச்சான், உங்கள் செடி தளதளவென்று வளர்வதற்கு நீங்கள் போட்ட உரம்தான் காரணம் என்று அண்ணனிடம் பந்தயம் கட்டினீர்களாமே. மேலே இருக்கும் கல்லை எடுத்துவிட்டு அடியில் இருக்கும் கல்லைப் பாருங்கள். செம்பட்டையாக இருக்கும். அந்தச் செடிக்கு இனி வாழ்நாள் முழுக்கக் காசநோய் வராது.

எப்படி நடந்தது என்றும் சொல்லிவிட்டாள். அண்ணி, காலையில் நீங்கள் தாலாட்டைக் கண் முன்னால் கொடுக்கிறீர்கள். பிறகு ஆரஞ்சைக் கரைக்கிறீர்கள், அது கரைவதற்குள் உங்கள் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. "நீ போம்மா, நானே குடிச்சுக்குவேன், நான் பெரியவளாயிட்டேன்" என்கிறாள். பெரியவளாகிவிட்டாள் என்று நீங்களும் எங்கள் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னீர்கள். நானும், பெரிய ஆளாகிவிட்டாளே என்று, ஒரு கைதட்டல் படம் அனுப்பினேன். வேன் தெருமுனை திரும்பியதும் பெரியவள் தம்ளரோடு தொட்டிக்குப் போய்விடுகிறாள்.

"கசக்குதா செல்லம்?"

"இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

"வாந்தி வருதா?"

"இல்ல."

"பின்ன ஏன்டா?"

அப்போதுதான் போனைத் தரையிலிருந்து எடுத்தாள். முகம் திரை முழுக்கத் தெரிந்தது. இவ்வளவு பெரிய விஷயம் புரியாத சித்தப்பாவைப் பார்க்கிற பார்வை.

"ஆரஞ்சு குடிச்சா தூங்குமூஞ்சி முழிச்சுக்குவான்ல."

"யார் சொன்னது?"

"டாக்டர்தான் சொன்னாங்க. அம்மாகிட்ட. ஆரஞ்சு வந்து தாலாட்டோட பலத்தைக் குறைச்சிடுமாம். நான் கேட்டேன்."

அண்ணி, இரண்டாவது தடவை கிளினிக் போய் வந்த பிறகு நீங்கள் எனக்கு அனுப்பிய குரல் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. பேசி முடித்ததும் மறுபடி போட்டுக் கேட்டேன். தாலாட்டை ஏன் சாயங்காலமும் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நீங்கள் டாக்டரைக் கேட்டிருக்கிறீர்கள். ஆரஞ்சு மருந்து உடம்பில் இருக்கும்போது தாலாட்டு சீக்கிரம் செலவாகிப் போகும், அதன் பலம் குறையும், அதனால் ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வண்டு அப்போது எங்கே இருந்தாளாம் தெரியுமா? டாக்டரின் மேசைக்கு அடியில், எடை பார்க்கும் மெஷினின் வயரைப் பிடித்து விளையாடிக்கொண்டு. பலம் குறையும் என்பதைக் கேட்டாள். அதற்குள் நர்ஸ் வந்து "வா பாப்பா, உயரம் பார்க்கலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். இரண்டு வேளை என்ற மீதியை அவள் கேட்கவே இல்லை.

பாதிப் பேச்சைக் கேட்டவள் வீட்டுக்கு வந்து என்ன யோசித்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று வயதிலிருந்து நாம் சொன்னது என்ன? தாலாட்டுக்கு எதுவும் ஆகக்கூடாது. இப்போது தாலாட்டுக்கு எதிரியாக ஒருவன் வந்திருக்கிறான். அவனை நாமே தம்ளரில் கரைத்துக் கையில் கொடுக்கிறோம். பாவம், பெரியவர்களுக்குப் புரியவில்லை, டாக்டரிடம் சண்டை போட்டால் அம்மா அழுவாள். ஆகவே யாருக்கும் சொல்லாமல் வீட்டைக் காப்பாற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"நான் ஒருத்திதான் சித்தப்பா அவனைப் பாத்துக்கிறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. சட்டையில் துடைத்தாள். ஆரஞ்சு இல்லை, சாதாரணக் கண்ணீர்.

நீங்கள் என்னவோ செய்யுங்கள், என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததை நாம் நினைத்ததைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

"டாக்டர் சொன்னதுல நீ பாதிதான் கேட்டிருக்க. மீதி பாதியை நாளைக்கு நான் காட்டுறேன்" என்றேன்.

"சொல்ல மாட்டியா, காட்டுவியா?"

"காட்டுவேன்."

"சினிமா மாதிரியா?"

"அதைவிட நல்லா இருக்கும். சோப்பு நுரையெல்லாம் வரும்."

அன்றைக்கு மீதி நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை. காசநோய் மருந்தை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று போனில் தேடிப் பார்த்தேன். தேடாமல் இருந்திருக்கலாம். கிருமி பழகிப்போய் மருந்துக்கு அடங்காமல் பிடிவாதம் பிடிக்கலாம் என்று போட்டிருந்தது. அதற்கு அப்புறம் ஹோட்டல் துணியில் ஆஸ்பத்திரித் துணியைப் போட்டுவிட்டேன். "தம்பி, உனக்கு வீட்டுல ஏதோ பிரச்சனை, இல்லாட்டி காதல். ரெண்டுல எது?" என்றார் இஸ்திரிக்காரர். அண்ணன் மகள் மருந்து குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று மட்டும் சொன்னேன். "எம் பையன் படிக்க மாட்டேங்கிறான், உன் புள்ளைக்கு மருந்தாவது இருக்கு" என்றார். ஆனால் நான் கேட்ட உதவிக்குச் சரி என்றார்.

இங்கே பெரிய மெஷின்களின் பக்கவாட்டில் கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் கறை எடுக்கிற மருந்து ஊற்றுவோம், இன்னொன்றில் வாசனைத் தண்ணீர். கறை மருந்து கடுமையானது. அது போன பிறகு துணியில் வாசனை நிற்காது. அதனால் ஆஸ்பத்திரித் துணிக்கு மட்டும் வாசனைத் தண்ணீர் இரண்டு மூடி ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. இரண்டு துண்டுகளைத் தனித்தனியாகத் துவைத்து வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் கறை மருந்து போட்டேன். ஒன்றுக்கு ஒரு மூடி வாசனை, இன்னொன்றுக்கு இரண்டு மூடி.

நேற்று மதியம் வண்டுவைக் கூப்பிட்டு, போனை மெஷின் முன்னால் நிறுத்தினேன். நுரை சுற்றுவதைப் பார்த்து முதலில் தூங்குமூஞ்சியையே மறந்துவிட்டாள். பிறகு துண்டுகளை எடுத்தேன்.

"இந்தத் துண்டுல கறை இருந்துச்சு. கறைதான் கோலிக்குண்டு. கறை மருந்துதான் ஆரஞ்சு. வாசனைத் தண்ணிதான் தாலாட்டு. புரியுதா?"

"துண்டு யாரு?"

"துண்டு நீ."

"நான் துண்டு இல்ல. நான் பெட்ஷீட்."

"சரி, நீ பெட்ஷீட். கறை மருந்து ஊத்தினா வாசனை பாதி ஓடிப்போயிடும். இதோ, இது ஒரு மூடி. மோந்து பாரு."

திரையில் மூக்கை ஒட்டினாள். மூக்குத் துவாரம் மட்டும்தான் தெரிந்தது. "வாசனையே இல்லையே."

"அதான் போன்ல வராதுல்ல. அதுக்குத்தான் ஒரு ஜட்ஜைக் கூட்டி வந்திருக்கேன்."

இஸ்திரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உண்மையிலேயே கண்ணை மூடியிருக்கிறாரா என்று வண்டு பக்கத்தில் போகச் சொன்னாள். போனை அவர் கண்ணிமைக்கு எதிரில் கொண்டுபோனேன். "திருப்தியா பாப்பா?" என்றார் அவர்.

"அவரு உன் ஃப்ரெண்டுதானே சித்தப்பா? பொய் சொல்லுவாரு."

"பாப்பா, உங்க சித்தப்பன் எனக்கு ஃப்ரெண்டு இல்ல. நேத்து என் காலுறை ஒண்ணை மெஷின்ல தொலைச்சிட்டான்" என்றார். அது உண்மை. அதில் வண்டுவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் துண்டை மோந்தார். "ஆஸ்பத்திரி வராண்டா" என்றார். இரண்டாவதை மோந்தார். முகம் மலர்ந்தது. மறுபடி மோந்தார். "புதுச் சட்டை. பையிலேர்ந்து இப்பதான் எடுத்தது."

வண்டு துண்டுகளை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். நான் மாற்றினேன். அவர் மாறாமல் சொன்னார். ஒரு தடவை அவளே "ஒரே துண்டை ரெண்டு வாட்டி குடு" என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். கொடுத்தேன். "ரெண்டுமே வராண்டா. என்னை ஏமாத்துறீங்களா?" என்றார். வண்டு சிரித்த சிரிப்பில் விழுந்த பல் ஓட்டை முழுசாகத் தெரிந்தது.

சிரித்து முடித்துவிட்டுத் துண்டுகளையே பார்த்தாள். அடுத்து வரும் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"சித்தப்பா. வாசனை ஓடிப்போகுதுன்னு கறை மருந்தை ஊத்தாம விட்டா?"

"கறை அப்படியே இருக்கும். நாளாக ஆக அழுத்தமாயிடும்."

"அப்ப சாயங்காலம் அம்மா இன்னொரு தாலாட்டு குடுக்கிறாங்களே."

"ஆமா."

"அதுதான் ரெண்டாவது மூடியா?"

"அதுதான் ரெண்டாவது மூடி. நீ உயரம் பார்க்கப் போனப்ப டாக்டர் சொன்ன மீதி பாதி அதுதான்."

"டாக்டருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சுதானே குடுத்தாங்க."

"அப்ப தூங்குமூஞ்சி இப்ப என்ன பண்றான்?"

"குறட்டை விடுறான்."

"கோலிக்குண்டு?"

"அவன்தான் யாரும் விரட்டலையேன்னு கால் நீட்டி உக்காந்திருக்கான்."

கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "செடிக்குக் குடுத்ததை எல்லாம் திரும்ப எடுக்க முடியாதா?" என்றாள். முடியாது, ஆனால் டாக்டரிடம் புது ஆரஞ்சு நிறைய இருக்கிறது என்றேன்.

யாருப்பா இந்த தூங்குமூஞ்சி என்று இஸ்திரிக்காரர் கேட்டார். எங்கள் வீட்டில் ஒருவர் என்றேன். "எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை மோந்துகொண்டே போய்விட்டார்.

பிறகு வண்டுவோடு ஒப்பந்தம் பேசினேன். அவள் இனி ஆரஞ்சைக் குடிப்பாள். செடிக்குத் தரமாட்டாள். அதற்கு அவள் போட்ட நிபந்தனைகள்: அம்மா அழக்கூடாது. மாமா செடியைத் தூக்கிப் போடக்கூடாது, அதன்மேல் தப்பு எதுவும் இல்லை. மழை விஷயம் பள்ளிக்கூட டீச்சருக்குப் போகக்கூடாது. அப்புறம் ஆரஞ்சு குடிக்கும்போது யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். இது நான் கேட்டது இல்லை, அவளே கேட்டது. "தனியா குடிச்சா செடி பாக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

அண்ணி, வேன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அல்லது அம்மா உட்காரட்டும். அம்மா, நீ உட்கார்ந்தால் சும்மா உட்கார், என் வயிற்றைப் பற்றி அவளிடம் பேசாதே.

விட்டுப்போன நாட்களுக்கு என்ன செய்வது, ஆரஞ்சை எங்கிருந்து திரும்பத் தொடங்குவது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. போனில் தேடியதை நான் சொல்லவும் மாட்டேன். டாக்டர் சொல்லட்டும். ஆனால் அவருக்கு நடந்தது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நல்ல மருந்தை உதவாத மருந்து என்று நினைத்துவிடுவார். பிள்ளை செய்த வேலைக்குப் பிள்ளையின் கழுத்தில் ஊசி குத்திப் பார்ப்பார், அப்புறம் எந்தத் தேவையும் இல்லாமல் கடுமையான மருந்துக்குப் போய்விடுவார். உங்களுக்கு அவரிடம் சொல்லச் சங்கடமாக இருக்கும். நம் வீட்டில் கவனிக்கவில்லை என்று நினைப்பாரோ என்று இருக்கும். நினைத்தால் நினைக்கட்டும். மேசைக்கு அடியில் ஒரு ஆள் இருந்ததை அவரும்தான் கவனிக்கவில்லை.

இஸ்திரிக்காரர் கதவைத் தட்டுகிறார். துண்டு வேண்டுமாம். நான் முடிக்கிறேன்.

இதை முதலில் படிப்பது யாராக இருந்தாலும் சரி. நாளைக் காலை உள்ளே போனவுடன், ஊசியை எடுப்பதற்கு முன்னால், பிள்ளை ஆரஞ்சு மருந்தைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றிவிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.